எஞ்சின் ஏன் நின்றது?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கதை எழுதினேன். கன்னியாகுமரிக் கரையோரத்தில் நடக்கிற கதை. மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருவன் ராத்திரியில் தன்னந்தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறான். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடுகிறது. காற்று எழும்புகிறது. மறுநாள் வள்ளம் மட்டும் கரை ஒதுங்குகிறது. ஊர் அவன் மனைவியைப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை.

எஞ்சின் நிற்கிற இடத்துக்கு நான் செலவழித்தது ஒரே ஒரு வாக்கியம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வந்து குரல்வளையைப் பிடித்தது போல் அது திடீரென்று நின்றது என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பலர் பாராட்டினார்கள். விமரிசகர் ஒருவர் அதை மாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினார். உண்மையை ஒளிப்பானேன், அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

பிறகு நாகர்கோவில் பக்கம் ஒரு நூலகத்தில் பேசப் போனேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய கைலி, வெள்ளைச் சட்டை. நகக் கண்களில் எந்தச் சோப்பாலும் போகாத கறுப்பு. முப்பது வருஷமாக வள்ளத்து எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர் என்று நூலகர் அறிமுகம் செய்தார்.

“உங்க கதை வாசிச்சேன் சாரே. நல்லாத்தான் இருக்கு. ஒரு சம்சயம். எஞ்சின் ஏன் நின்னு?”

நான் சிரித்தேன். “அது ஒரு குறியீடு அண்ணாச்சி” என்று ஆரம்பித்து, மனிதனும் விதியும், யந்திரமும் இயற்கையும் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்:

“அது எனக்கும் வெளங்கிச்சு. நான் கேக்கது வேற. பிளக்கு நனைஞ்சிருந்துதா, காஞ்சிருந்துதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் இதை எழுத்தாள நண்பர்கள் சிலரிடம் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “இனிமேல் ஒவ்வொரு கதைக்கும் அடியில், பிளக் நல்ல நிலையில் இருந்தது என்று மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கிப் போடு” என்றார் ஒருவர். “எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது. அதனால் என் கதை எதில் குறைந்துவிட்டது?” என்று கேட்டார் இன்னொருவர். அதை அவர் கேட்ட தோரணையைக் கவனியுங்கள். கணக்கில் பூஜ்யம் வாங்கினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ரகம் ஒன்று உண்டே, அந்தத் தோரணை. ஒரு நல்ல ராகம் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிற மனுஷர், தினம் தன்னை ஏற்றிச் செல்லும் வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாததைப் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிகிறார். கையில் கறை படாமலிருப்பதுதான் பண்பாடு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது வேறு சங்கதி. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறெங்காவது போய் நிற்கும்.

மூன்றாமவர் படிப்பாளி. அவர் ஸ்டைன்பெக்கைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

1940இல் ஜான் ஸ்டைன்பெக் தம் நண்பர் எட் ரிக்கெட்ஸுடன் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ என்ற மீன்பிடிக் கப்பலில் கலிபோர்னியா வளைகுடாவுக்குப் போனார். கரையோரக் கடற்பிராணிகளைச் சேகரித்து ஆராய்வது நோக்கம். அந்த யாத்திரையைப் பற்றிய புத்தகம் 1941இல் வெளிவந்தது. கரைக்குப் போய்வரச் சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார்கள். அதன் பின்பலகையில் மாட்டிய எஞ்சின் ஒன்று. கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் அதற்கு ‘ஹான்ஸன் ஸீ-கவ்’ என்று ஒரு கற்பனைப் பெயர் வைத்தார் ஸ்டைன்பெக். ஸீ-கவ் என்றால் கடற்பசு. புத்தகம் முழுவதும் அந்த எஞ்சின் ஒரு பாத்திரமாக வருகிறது. அதற்குச் சோம்பல் உண்டு, வன்மம் உண்டு, மனிதர்களை வெறுக்கிற புத்தி உண்டு. தேவைப்படும்போது கிளம்பாது. தேவையில்லாதபோது கிளம்பும். படித்துவிட்டு நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

“பார்த்தாயா? அவர் பிளக்கைப் பற்றியா எழுதினார்? யந்திரத்துக்கு ஓர் ஆத்மாவைக் கொடுத்தார். நோபல் பரிசும் வாங்கினார்” என்றார் நண்பர்.

ஸ்டைன்பெக்கோடு எனக்குச் சண்டை இல்லை. அவரைப் பாதி படித்துவிட்டுப் பேசுகிறவர்களோடுதான் சண்டை. அதே மனிதர் 1945இல் ‘கேனரி ரோ’ எழுதினார். அதில் கே என்று ஒரு பாத்திரம். செத்துப்போன ஃபோர்டு வண்டிக்கும் உயிர் கொடுக்கிற கைராசிக்காரன். தவளை பிடிப்பதற்காக ஒரு கும்பல் பழைய மாடல்-டி லாரியில் கிளம்புகிறது. வழியில் லாரி நின்றுவிடுகிறது. ஏன் நின்றது? ஆசிரியருக்குத் தெரியும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசி உடைந்துபோயிற்று. வேறு ஊசி தேடிக்கொண்டு கே புறப்பட்டுப் போகிறான். போனவன் வந்தபாடில்லை, வழியில் அவனுக்கு என்னென்னவோ நேர்ந்துவிடுகிறது. அந்த ஊசி இல்லாவிட்டால் கே கும்பலைவிட்டுப் பிரிய வேண்டியதே இல்லை. ஒரு சின்ன ஊசி ஒரு மனிதனைக் கதையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. காரணம் தெரிந்தவன் வேண்டுமென்றே யந்திரத்தைப் பிசாசு என்று சொன்னால் அது ஹாஸ்யம். காரணம் தெரியாதவன் சொன்னால்? அவன் நிஜமாகவே அதைப் பிசாசு என்று நம்புகிறான், அல்லது நம்மை நம்பச் சொல்கிறான்.

நானும் அப்படித்தான் செய்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவரைத் தேடிக்கொண்டு போனேன். அவருடைய பட்டறை என்பது கடற்கரை மணலில் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்த கொட்டகை. நான் போன நேரம் அங்கே ஒரு கூட்டம். பழைய எஞ்சின் ஒன்றை ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பில் மாட்டியிருந்தார்கள். டிரம்மில் நல்ல தண்ணீர். கடலுக்கு வெளியே இந்த எஞ்சினை வெறுமனே ஓட்டக்கூடாது. தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு ஓடுகிற யந்திரம் அது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

எஞ்சினுக்குச் சொந்தக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வீங்கி உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலிருந்து கிளம்பவில்லை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். இதன் ஆயுசு முடிந்துவிட்டது, புதிதாக வாங்கு என்றார் ஒருவர். டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் எஞ்சினின் மூடியைக்கூடக் கழற்றாமல், காயில் போய்விட்டது, மாற்றப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி ஒரு கிழவி. அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “புதுசா ஒருத்தி வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம். வந்த நாள்லேருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு.”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டு மருமகள் சோற்றுப் பாத்திரத்தோடு கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். இருபது வயசுகூட இராது. அவள் காதில் விழாமலிருக்க வழியே இல்லை.

பெரியவர் கயிற்றைத் தொடவே இல்லை. முதலில் எஞ்சினை விட்டுவிட்டு மனிதர்களை விசாரித்தார்.

“நேத்து ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“கரைக்கு வந்து நிறுத்துனது யாரு?”

வீட்டுப் பையன், பதினாறு வயசிருக்கும், நான்தான் என்றான்.

“எந்த எண்ணெயிலே நிறுத்துனே மக்களே?”

பையன் பேசவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அந்தக் கரையில் இன்னும் பல வள்ளங்களில் இரண்டு எண்ணெயில் ஓடுகிற எஞ்சின்தான். கிளப்புவது பெட்ரோலில், சூடேறியதும் ஒரு குழாய்த் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். விலை வித்தியாசம்தான் காரணம். பெட்ரோல் உறைகுளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 40 டிகிரிச் சூட்டுக்கு வந்தால்தான் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். சூடான எஞ்சினுக்குள் அது ஓடும்; ராத்திரி முழுக்கக் கடற்காற்றில் குளிர்ந்து கிடந்த எஞ்சினில் என்ன இழுத்தாலும் பற்றாது. ஆகவே நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மிஞ்சியிருக்கிற மண்ணெண்ணெயை எரித்துவிட்டு நிறுத்த வேண்டும். நாளைக் காலையில் கிளம்புவதற்கான பெட்ரோல் இன்று மாலையே அந்தக் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பெட்ரோல் தீந்து போச்சு மாமா. மண்ணெண்ணெயிலேயே அணைச்சிட்டேன்” என்றான் பையன்.

“எவ்வளவு குடுத்து விட்டாரு அப்பன்?”

“அரைக் குப்பி.”

எல்லோரும் அப்பனைப் பார்த்தார்கள். அப்பன் கடலைப் பார்த்தார்.

வேறு யாராவது ஆகியிருந்தால் இதோடு விஷயத்தை முடித்திருப்பார்கள். பெரியவர் முடிக்கவில்லை. சொன்ன காரணம் சரியா என்று எஞ்சினிடமே கேட்க ஆரம்பித்தார். பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நனைந்திருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். மண்ணெண்ணெய். நனைந்திருந்தால் எண்ணெய் உள்ளே வருகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு பார்வையில் பாதி எஞ்சினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பிறகு பிளக்கைத் துடைத்து, அதன் ஒயரில் செருகி, திறந்திருக்கும் துவாரத்துக்கு எட்டமாக எஞ்சினின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பையனைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். நீல நிறத்தில் பொறி சடசடவென்று குதித்தது. “காயிலு போச்சுன்னு எவன் சொன்னது?” என்றார். பத்தாயிரம் ரூபாய் அந்த நீலப் பொறியில் எரிந்துபோயிற்று. அடுத்துப் பிளக் இருந்த துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. விரலைத் தூக்கி எறிகிற மாதிரி காற்றுத் தள்ளியது. அப்படியென்றால் உள்ளே பிஸ்டன் வளையங்கள் சரியாக இருக்கின்றன, ஆயுசு முடியவில்லை. புதிது வாங்கச் சொன்னவர் மெல்ல நகர்ந்தார்.

காலையிலிருந்து இழுத்த இழுப்பெல்லாம் என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு இழுப்பிலும் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெயை உள்ளே வாரிக் கொட்டியது. பலத்தைக் கூட்டக் கூட்ட எஞ்சின் முங்கிக்கொண்டே போயிற்று. அதைத்தான் நாம் பிடிவாதம் என்று பெயர் சூட்டிக் கதை எழுதுகிறோம்.

கார்புரேட்டரின் அடியில் இருந்த திருகைக் கழற்றி, கிண்ணத்திலிருந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மண்ணெண்ணெய்தான். அதன் அடியில் பாதரசம்போல் உருண்டுகொண்டு இரண்டு சொட்டுத் தண்ணீர். இந்தக் காலத்துப் பெட்ரோலைப் பற்றியும் அப்போது இரண்டு வார்த்தை திட்டினார். திட்டுக்கு நியாயம் உண்டு. 2023இல் 20 சதவீத எதனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே 10 சதவீதம் கலந்துகொண்டிருந்தார்கள். எதனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் சரக்கு. ஈரக்காற்று அடிக்கிற கரையில், பாதி காலியான டப்பாவில் பெட்ரோலை வாரக்கணக்கில் போட்டு வைத்தால் எதனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடலாம். எண்ணெய்க் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோலோடு கலந்து வைத்த ஆயில் அந்த அடித் தண்ணீரில் சேராது என்பது இன்னொரு ஆபத்து. அந்தப் பழைய எஞ்சினைச் செய்தவன் மனசில் இப்படி ஒரு பெட்ரோல் இருந்திருக்காது.

கிண்ணத்தைத் துடைத்து மூடினார். பிளக்கைப் போடாமலே பத்துத் தடவை கயிற்றை இழுக்க வைத்து, உள்ளே தேங்கியதை வெளியே துப்பவிட்டார். புதுப் பெட்ரோல். பிளக்கைச் சூடு காட்டி மாட்டினார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. டிரம்மிலிருந்த தண்ணீர் எங்கள் மேலெல்லாம் அடித்தது. பையன் கத்தினான்.

சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினார். ஒரு நிமிஷம் ஓடிற்று. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

“நான் சொன்னேனே” என்றாள் கிழவி.

பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “பெட்ரோல்லே ஓடுது, மண்ணெண்ணெயிலே நிக்குது. அப்ப வழி தெரிஞ்சு போச்சுல்லா” என்றார். டாங்கியின் மூடியிலிருக்கும் காற்றுத் திருகைப் பார்த்தார், திறந்திருந்தது. அது மூடியிருந்தால் எண்ணெய் போகப் போக உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் நின்றுவிடும். பிறகு குழாயின் நடுவிலிருக்கும் ரப்பர்ப் பந்தை அமுக்கினார். நாலைந்து அமுக்கலில் அது கல்லாக இறுக வேண்டும். இருபது தடவை அமுக்கியும் தொளதொளவென்றே கிடந்தது. எங்கோ காற்று நுழைகிறது. குழாய் எஞ்சினோடு சேரும் முனையைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். சுண்டு விரல் மோதிரத்தைவிடச் சிறியது. ஓரிடத்தில் வெடித்திருந்தது. தகர டப்பா ஒன்றைக் கிளறி அதே அளவில் வேறொன்றைப் போட்டார். பந்து இறுகியது. எஞ்சின் அரை மணி நேரம் ஓடிற்று.

வெடித்த வளையத்தை அவர் எறியவில்லை. வெளியே நின்ற அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார். “இதைக் கொண்டுபோயி வீட்டிலே வை மக்களே. யாராச்சும் ஏதாச்சும் சொன்னா எடுத்துக் காட்டு” என்றார்.

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று ராத்திரி என் அறையில் உட்கார்ந்து என் கதையை எடுத்துப் படித்தேன். எனக்கு உடம்பு கூசியது. என் கதையில் என்ன நடக்கிறது? மனைவியோடு சண்டை, ஆகவே கடல், எஞ்சின் நிற்கிறது, சாவு, ஊர் மனைவியைப் பழிக்கிறது. நான் ஊரின் பழியை வெறுப்போடுதான் எழுதியிருந்தேன். ஆனால் எஞ்சின் நின்றதற்கு வேறு எந்தக் காரணத்தையும் நான் கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கை என்றேன். யாருடைய கை? கதையில் அதற்கு முன்னால் கை ஓங்கியவள் அவள் ஒருத்திதான். காரணம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். காலி இடத்தில் கிழவி வந்து உட்கார்ந்துகொண்டாள். என் அழகான வாக்கியமும் அந்தக் கிழவியின் முணுமுணுப்பும் ஒரே சரக்குத்தான். என்னுடையதற்கு இலக்கணப் பிழை இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

தகழியின் ‘செம்மீ’னை இங்கே எனக்கு எதிராக எடுப்பார்கள் என்று தெரியும். கரையில் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலில் கணவனுக்குப் பத்திரம் என்ற நம்பிக்கைதானே 1956இல் வந்த அந்த நாவலின் முதுகெலும்பு என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கடலில் பழனி சும்மா சாகவில்லை. தூண்டிலில் பெரிய சுறா மாட்டுகிறது, அது வள்ளத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, சுழி வருகிறது. நம்பிக்கையை ஒரு பக்கம் வைத்தார், சுறாவை இன்னொரு பக்கம் வைத்தார். எது கொன்றது என்பது வாசகன் பாடு. நான் சுறாவை வைக்க மறந்துவிட்டு, நம்பிக்கையை மட்டும் வைத்தேன்.

“அப்படியானால் கதை எழுதுமுன் ஐ.டி.ஐ.யில் சேர வேண்டுமா?” என்று நண்பர் கேட்பார். கேட்டும்விட்டார். இல்லை ஐயா. பிளக்கைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். ஆனால் அது நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கான்ராடுக்குக் கப்பல் தெரியும். இருபது வருஷம் அதில் வேலை பார்த்தவர். அவருடைய புயலுக்குள் நாம் போகும்போது ஒவ்வொரு கயிற்றின் பெயரும் நமக்குப் புரிவதில்லை. இருந்தாலும் எந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாம் பயப்படவே முடிகிறது. நம் கதைகளில் அந்தப் பயம் ஏன் வருவதில்லை? கார் நின்றுவிடுகிறது, ரயில் தாமதமாகிறது, கரண்ட் போய்விடுகிறது, எல்லாம் கதாநாயகனின் சௌகரியத்துக்கு. காதலன் காதலியைச் சந்திக்க வேண்டுமானால் டயர் வெடிக்கும். நானே இரண்டு நாவல்களில் டயரை வெடிக்க வைத்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கட்சியும் உண்டு. யந்திரமே வேண்டாம், பாய்மரமும் துடுப்பும் கட்டுமரமும்தான் அழகு, மனிதன் கடலோடு உறவாடிய அந்தக் காலம் போயிற்றே என்று அழுகிறவர்கள். இவர்களில் ஒருவர்கூட எதிர்க்காற்றில் அரை மைல் துடுப்புப் போட்டவரில்லை என்று பந்தயம் கட்டுவேன். இந்த எஞ்சினைப் பெரிய அளவில் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஓலே எவின்ரூட். பிற்பாடு தம் மனைவியாகப் போகிறவளுக்காக ஏரியின் அக்கரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கிவரப் படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போனாராம். திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. அதிலிருந்து பிறந்த யோசனைதான் இது என்று ஒரு கதை உண்டு. 1909இல் விற்பனைக்கு வந்துவிட்டது. கதை எந்த அளவுக்கு நிஜமோ, துடுப்புப் போட்டுத் தோள் வலித்தவன் செய்த யந்திரம் இது என்பதில் சந்தேகமில்லை. தோள் வலிக்காதவர்களுக்குத்தான் துடுப்பு கவிதையாகத் தெரிகிறது.

மறுநாள் ஊருக்குக் கிளம்புமுன் பெரியவரிடம் போய், “அண்ணாச்சி, என் கதையில் எஞ்சின் ஏன் நின்றிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு, நிஜமாகவே செத்துப்போன ஓர் ஆளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்.

“இருமி இருமி நின்னா, டக்குன்னு நின்னா?”

“திடீரென்று நின்றது என்றுதான் எழுதியிருக்கிறேன்.”

“அப்ப எண்ணெய்க் கோளாறா இருக்காது. எண்ணெய்ன்னா இருமும். டக்குன்னு நின்னா கரண்டு. பிளக்கிலே கரி பிடிச்சிருக்கும். மண்ணெண்ணெய்க்கு அது சகஜம். இல்லேன்னா ஒயர்லே உப்புத்தண்ணி.” கொஞ்சம் யோசித்தார். “கடலுக்குப் போறவன் பெட்டியிலே வேற பிளக்கும் ஸ்பானரும் கெடக்கும் சாரே. ரெண்டு நிமிச வேலை. அவன்கிட்ட ஏன் இல்லாம போச்சு?”

நான் சும்மா நின்றேன்.

“வட்டிக்காரன் பெட்டியோட தூக்கிட்டுப் போனானா? கோவத்திலே எடுக்காம கெளம்பிட்டானா? இல்லே பொண்டாட்டி எடுத்து ஒளிச்சு வச்சாளா, போகக்கூடாதுன்னு? அதையில்லா நீங்க எழுதணும்” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்து ஒரு கார்புரேட்டரை ஊதத் தொடங்கினார்.

மூன்றுமே எனக்குத் தோன்றாதவை. மூன்றும் மூன்று வெவ்வேறு மனைவிகள், மூன்று வெவ்வேறு சாவுகள். மூன்றாவதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை. அவன் போகக்கூடாது என்று ஸ்பானரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள், விடிந்த பிறகு அதை என்ன செய்வாள்?

அந்தக் கதை அடங்கிய தொகுதி மறுபதிப்புக்குப் போகிறது. அதை மட்டும் நிறுத்தி வைக்கும்படி பதிப்பாளருக்கு எழுதினேன். நல்ல கதைதானே, பாடத்திட்டத்தில்கூட ஒரு கல்லூரியில் வைத்திருக்கிறார்களே என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.